குழந்தைகளின் மூளைப் புற்றுநோய்: செட்டிநாட்டில் விழிப்புணர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் பக்கத்து ஊர் எதிலாவது ஒரு குழந்தைக்கு மூளையில் கட்டி என்று தெரியவந்தால், அந்தக் குடும்பத்தில் ஒருவராவது "இன்னொரு பிள்ளைக்கு இப்படித் தாமதமாகிவிடக் கூடாது" என்று ஏதேனும் செய்யப் புறப்படுகிறார். அனுமதியை எந்த அலுவலகத்தில் கேட்பது, பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது, யாருக்கு அனுப்புவது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால், அவர்களில் பலர் சில மாதங்களிலேயே களைத்துப்போகிறார்கள். என் தம்பி மகளை இந்நோய்க்குப் பறிகொடுத்த பிறகு நானும் அந்த அலைச்சலைப் பட்டிருக்கிறேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விழிப்புணர்வும் ஆய்வு நிதியும் தனித்தனி வேலைகள். முதலாவதற்குச் செலவு குறைவு, நடை அதிகம். இரண்டாவதற்குப் பணம் வேண்டும், ஆனால் அந்தப் பணம் உங்கள் கை வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டையும் ஒரே மேடையில், ஒரே நோட்டீசில் குழப்பும்போதுதான் சிக்கல்கள் தொடங்குகின்றன.

1. சொல்லப்போகும் செய்தியை முதலில் உறுதிசெய்யுங்கள்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது மூளையிலும் தண்டுவடத்திலும் வரும் கட்டிகள். ஆண்டுதோறும் உலகில் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் ஏதோ ஒரு புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க அந்நிறுவனம் 2018-இல் தொடங்கிய உலகளாவிய முயற்சி, 2030-க்குள் உலக அளவில் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகள் பிழைக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்திருக்கிறது. அதற்காகக் குறிப்பாகத் தேர்ந்தெடுத்த ஆறு புற்றுநோய்களில் மெதுவாக வளரும் ஒரு வகை மூளைக் கட்டியும் உண்டு.

இது வராமல் தடுக்கும் நோய் என்று எங்கேயும் பேசாதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வந்தது என்று சொல்ல முடியாது. முன்பு தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு சிகிச்சை, பரம்பரையாக வரும் சில மரபணுக் கோளாறுகள் ஆகியவையே உறுதியாகத் தெரிந்த காரணங்கள்; அவை சிறுபான்மைக் குழந்தைகளுக்கே பொருந்தும். பாக்கெட் தின்பண்டம், செல்போன் கோபுரம், கர்ப்பக் காலத்தில் தாய் சாப்பிட்டது என்று நோட்டீசில் ஒரு வரி அச்சானாலும், அதைப் படிக்கிற ஒரு தாய் ஆயுள் முழுவதும் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்வார். நாம் சொல்ல வேண்டியது சீக்கிரம் கண்டுபிடிப்பதைப் பற்றி மட்டுமே.

அதற்கு ஆதாரம் கேட்பவர்களிடம் பிரிட்டனைக் காட்டுங்கள். அங்கே 2011-இல் ஹெட்ஸ்மார்ட் என்ற பெயரில், வயதுவாரியாக அறிகுறிகளை அச்சிட்ட சிறிய அட்டையைப் பெற்றோரிடமும் மருத்துவர்களிடமும் பரவலாகக் கொண்டுசேர்த்தார்கள். அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து நோய் உறுதியாகும் நாள் வரை முன்பு 14 வாரங்களுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. மருத்துவர்களுக்கான வழிகாட்டுநெறியும் இந்த அட்டையும் சேர்ந்து வந்த பிறகு அது 7 வாரங்களுக்கும் கீழே இறங்கியது. நாம் செய்யப்போவதும் அந்த வேலையைத்தான், நம் ஊர் வழக்கத்துக்கு ஏற்றபடி.

2. அறிகுறி அட்டையைத் தயாரியுங்கள்

பேரணி, ரிப்பன், கட்டடங்களுக்குப் பொன்னிற விளக்கு எல்லாம் பின்னால் வரட்டும். கையகல அட்டை ஒன்று சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதில் இருக்க வேண்டியவை இவை.

ஐந்து வயதுக்குக் கீழே: விடாமல் அல்லது விட்டுவிட்டு வரும் வாந்தி, நடை தள்ளாடுதல், முன்பு நடந்த பிள்ளை அடிக்கடி விழுதல், கண் அசைவில் மாற்றம், தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருத்தல், காய்ச்சல் இல்லாமல் வரும் வலிப்பு, காரணமில்லாத சோர்வும் சுபாவ மாற்றமும். ஐந்து முதல் பதினொரு வயது வரை: இவற்றோடு விடாத தலைவலி, பார்வை மங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல். பன்னிரண்டு வயதுக்கு மேல்: தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு, தள்ளாட்டம், வலிப்பு, சுபாவ மாற்றம் ஆகியவற்றோடு பருவமடைதல் தள்ளிப்போவதும் நின்றுபோவதும். ஓர் அறிகுறி விடாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்றும், இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து வந்தால் அவசரமாகப் பாருங்கள் என்றும் கொட்டை எழுத்தில் போடுங்கள். தலைவலி வந்த பிள்ளைக்கெல்லாம் கட்டி இல்லை, இந்நோய் அரிதானது என்பதையும் அதே அட்டையில் ஒரு வரியாகச் சேருங்கள். பயமுறுத்தும் அட்டையை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை.

நம் பக்கத்தில் இந்த அறிகுறிகளுக்கு ஏற்கெனவே வேறு விளக்கங்கள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் வரும் வாந்திக்குப் பித்தம் என்று கஷாயம் கொடுப்பார்கள். கழுத்தைச் சாய்த்து வைத்திருக்கும் கைக்குழந்தையை உரம் விழுந்துவிட்டது என்று உரம் எடுப்பவரிடம் தூக்கிப் போவார்கள். திடீரென்று மாறுகண் வந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவற்றைக் கேலி செய்யாமல், "உரம் எடுத்த பிறகும் தலைச் சாய்வு நீடித்தால்", "பிறந்தது முதல் இல்லாத மாறுகண் புதிதாக வந்தால்" என்று அந்த வார்த்தைகளையே அட்டையில் போடுங்கள். மருத்துவச் சொற்களில் எழுதியதைவிட, ஆச்சிமார் தங்கள் வாயால் சொல்வதை எழுதிய அட்டைதான் வீட்டுக்குள் போகிறது. காலை வாந்திக்கும் தலைவலிக்கும் காரணத்தை ஒரு வரியில் விளக்கலாம்: இரவெல்லாம் படுத்திருக்கையில் தலைக்குள் அழுத்தம் கூடுகிறது, அதனால்தான் விடியற்காலையில் வலி அதிகமாகி, வாந்தி எடுத்ததும் சற்றுக் குறைவதுபோல் இருக்கும்.

அட்டையின் பின்பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். கல்லல் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் பணியாளர் அம்மா முன்பக்கத்தை நிதானமாகப் படித்து, எடைப் பதிவேட்டுக்குள் செருகிக்கொண்டு, "சரி, பார்த்துவிட்டேன், இனி அந்தத் தாயை எங்கே போகச் சொல்வது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான விடைதான் பின்பக்கம்: முதலில் குழந்தை மருத்துவர், அவரிடம் நரம்பு மண்டலப் பரிசோதனையும் கண்ணின் உட்பக்கப் பரிசோதனையும் கேட்பது, தேவைப்பட்டால் ஸ்கேன், பிறகு மதுரை, திருச்சி, சென்னை, வேலூர், புதுச்சேரியில் குழந்தைகளுக்கான மூளை அறுவை சிகிச்சையும் புற்றுநோய்ப் பிரிவும் சேர்ந்து இயங்கும் மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை) ஒரு வரி இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசகத்தை ஒரு குழந்தை மருத்துவரும் ஒரு நரம்பியல் மருத்துவரும் படித்துக் கையெழுத்திட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். இந்திய மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை மூலம் போனால் மருத்துவர்களைப் பிடிப்பது எளிது. செலவைப் பொறுத்தவரை, ஐயாயிரத்துக்கு மேல் அச்சிட்டால் ஓர் அட்டை சுமார் இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். ஆயிரம் மட்டும் என்றால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அச்சுச் செலவை ஏற்க முன்வரும் கடைகளின் பெயரைப் போடலாம். ஆனால் புற்றுநோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் மருந்து, எண்ணெய், லேகியம் விற்பவர்களின் விளம்பரத்தை எந்தக் காரணம்கொண்டும் ஏற்காதீர்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் புற்றுநோயை அட்டவணையிலேயே சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுபவரும் அதில் சிக்குவார்.

3. அட்டை யார் கையில் போய்ச் சேர வேண்டும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்

பேருந்து நிலையத்தில் நின்று ஆயிரம் பேருக்குக் கொடுப்பதைவிட, தினமும் குழந்தைகளைப் பார்க்கும் நூறு பேருக்குக் கொடுப்பது மேல். அந்த நூறு பேர் அங்கன்வாடிப் பணியாளர்கள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், கண்ணாடிக் கடைக்காரர்கள், மருந்துக் கடைக்காரர்கள். கண்ணாடிக் கடையை யாரும் நினைப்பதில்லை. பார்வை மங்குகிறது, இரண்டாகத் தெரிகிறது என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் முதலில் போய் நிற்பதே அங்கேதான். ஆசிரியர்களிடம் பேசும்போது, கையெழுத்து திடீரென்று கோணிப்போவது, வரிசையில் நடக்கையில் ஒரு பக்கமாகச் சாய்வது, கரும்பலகையைத் தலை சாய்த்துப் பார்ப்பது ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

கடைகளுக்கு அனுமதி வேண்டாம். மற்றவற்றுக்கு எழுத்து வடிவ அனுமதி இல்லாமல் போகாதீர்கள். தலைமையாசிரியர் தெரிந்தவர் என்றாலும் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர், அங்கன்வாடிகளுக்கு மாவட்டத் திட்ட அலுவலரும் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும், செவிலியர்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை: மருத்துவர்கள் கையெழுத்திட்ட வாசகம், அட்டையின் மாதிரி, யார் எவ்வளவு நேரம் பேசுவார் என்ற விவரம், பணம் எதுவும் திரட்டப்படாது என்ற உறுதிமொழி, உங்கள் ஆதார் நகல். அந்த உறுதிமொழிதான் கோப்பை நகர்த்துகிறது. பள்ளிக்குள் நன்கொடை பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அனுமதி நின்றுவிடும், நிற்பதும் நியாயமே.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. செட்டிநாடு ஒன்று, மாவட்டம் இரண்டு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கையில் வாங்கிய கடிதம் திருமயம் ஒன்றியத்தில் செல்லாது. இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் ஒரே வாரத்தில் தனித்தனியாக மனுக் கொடுத்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மனுவையும் விட்டுவிட்டு வராதீர்கள். நான் கொடுத்த மனு ஒன்று ஓர் அலுவலகத்தில் இடம் தெரியாமல் போனபோது, முத்திரையிட்ட நகல் கையில் இருந்ததால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் தப்பித்தேன்.

இன்னொரு நல்ல வாயில், 2013 முதல் நடந்துவரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு. இக்குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். அந்தக் குழு மருத்துவர்களிடம் அட்டையைச் சேர்த்துவிட்டால், நீங்கள் எட்ட முடியாத கிராமங்களுக்கும் அது போய்விடும்.

4. காலத்தைக் கணக்கிடுங்கள்

செப்டம்பர் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். ஜூன் 8 உலக மூளைக் கட்டி நாள். பிப்ரவரி 15 உலகக் குழந்தைப் புற்றுநோய் நாள். மூன்றும் நல்ல நாள்கள்தாம் என்றாலும், நம் பள்ளிகளின் நாள்காட்டி வேறு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும் அதைத் தொடர்ந்து விடுமுறையும் வருவதால், அந்த மாதத்தில் ஆசிரியர் கூட்டம் கேட்டால் கிடைக்காது. ஏப்ரலில் வாசகத்தை முடித்து, மே மாதத்தில் மனுக் கொடுத்து, ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஆசிரியர்களின் குறுவளமையக் கூட்டங்களில் பேசிவிடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களின் கிராம சபைக் கூட்டங்களில் ஐந்து நிமிடம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஊராட்சித் தலைவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.

தினசரிக் காலண்டரை விட்டுவிடாதீர்கள். நம் ஊர் நகைக் கடையும் ஜவுளிக் கடையும் கொடுக்கும் காலண்டர் ஆண்டு முழுக்க வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பம் வெளியாகி ஆர்டர் தொடங்கிவிடுகிறது. ஆவணிக்குள் கடைக்காரர்களைப் பார்த்து, காலண்டர் அட்டையின் அடிப்பகுதியில் ஆறு வரி இடம் கேளுங்கள். கடைக்காரருக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. தீபாவளிக்குப் பிறகு கேட்டால் "அச்சாகிவிட்டதே" என்ற பதில்தான் வரும்.

5. பணம்: அறக்கட்டளை தொடங்குவதற்கு அவசரப்படாதீர்கள்

பிள்ளையின் பெயரில் அறக்கட்டளை தொடங்க வேண்டும் என்பதே எல்லாக் குடும்பத்துக்கும் முதலில் தோன்றுகிறது. அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம், தனி பான் எண், வருமான வரித் துறையில் பதிவு, நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அனுமதி, ஆண்டுதோறும் தணிக்கை, நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் தாக்கல் செய்வது என்று ஒரு சிறு அலுவலகமே நடத்த வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் அதற்கும் தனிப் பதிவு உண்டு. மூன்று ஆண்டுகளாவது செயல்பட்டதற்கான சான்றும் கேட்பார்கள். ஆடிட்டர் கட்டணமே ஆய்வுக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நடத்த ஆளும் மனமும் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

அதுவரை எளிய வழி, ஆய்வு நடத்தும் மருத்துவமனையின் கணக்குக்கே நன்கொடையாளர் நேராக அனுப்புவது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மையம், வேலூர் சி.எம்.சி. ஆகியவை நன்கொடை பெறுகின்றன. அவற்றின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள கணக்கு எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். வாட்ஸப்பில் சுற்றிவரும் கியூஆர் படத்தை, அனுப்பியவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும், சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலோ கூகுள் பேயிலோ ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வரும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது முழுவதும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி கேட்கப்படலாம். அதைவிடப் பெரிய இழப்பு ஊரின் நம்பிக்கை. ஒருமுறை சந்தேகம் வந்தால் அடுத்து வருகிறவருக்கும் கதவு அடைபடும்.

வரிச்சலுகை பற்றி வாக்குக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அந்தக் கழிவு கிடையாது. ரசீதில் பான் எண் விடுபட்டால் மருத்துவமனை தர வேண்டிய சான்றிதழ் வராமல் போகலாம். 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின்படி 2026 ஏப்ரல் 1 முதல் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு என்பதால், நோட்டீசில் பிரிவு எண்ணை அச்சிடும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எங்கே கேட்பது என்றால், நம் ஊரில் அதற்கு ஏற்ற இடம் மணிவிழாவும் சதாபிஷேகமும்தான். மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்கு ஒதுக்கியே பழகிய ஊர் இது. விழா வீட்டாரிடம் இரண்டு மாதம் முன்பே பேசி, "மொய்க்குப் பதிலாக இந்த ஆய்வுக்கு அனுப்பலாம்" என்று அழைப்பிதழிலேயே ஒரு வரியும் மருத்துவமனையின் கணக்கு விவரமும் போடச் சொல்லுங்கள். விழாவன்று முகப்பில் உண்டியல் வைக்க வேண்டாம். ஒரு மேசை, அறிகுறி அட்டைகள், கணக்கு விவரம், அனுப்பியவர் யு.டி.ஆர். (வங்கிப் பணப் பரிமாற்ற அடையாள) எண்ணைக் குறித்துவைக்க ஒரு நோட்டு, இவை போதும்.

6. சிங்கப்பூர், மலேசியாப் பணம்

நம் பக்கத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அக்கரையில் இருப்பவர் நம் பிள்ளைதானே, நம் கோயில் புள்ளிதானே (நம் குலக் கோயிலைச் சேர்ந்த குடும்பம்தானே) என்று நினைக்கிறோம். சட்டம் பார்ப்பது கடவுச்சீட்டை மட்டும். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தம் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடைதான். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால், அவர் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதைத் தொடலாம். அதுவும் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில் மட்டுமே வாங்கலாம். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கியதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே "எங்கள் சங்கத்தில் வாங்கி மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரியான வழிகள் இரண்டு. வெளிநாட்டு நன்கொடைக்குப் பதிவுபெற்ற மருத்துவமனையின் அந்தத் தனிக் கணக்குக்கு அவரே நேராக அனுப்பலாம். கடவுச்சீட்டு நகலைச் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். இல்லையென்றால் தாம் வாழும் நாட்டிலேயே கொடுக்கலாம். சிங்கப்பூரில் தகுதிபெற்ற பொதுநல அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கு 2026 டிசம்பர் 31 வரை 250 சதவீத வரிக்கழிவு உண்டு. குழந்தைகளின் மூளைக் கட்டி ஆய்வுக்கு எல்லை கிடையாது. அங்கே கண்டுபிடிக்கும் மருந்து இங்கேயும் வந்துசேரும். அவர்கள் ஊருக்கு வருவது பெரும்பாலும் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில். பேச வேண்டியதை அப்போது நேரில் பேசிவிடுங்கள்.

7. கொடுக்கும் முன் மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவை

"ஏன் தனியாக இந்த ஆய்வுக்கு?" என்று நன்கொடையாளர் கேட்பார். குழந்தைகளின் மூளைக் கட்டிகள் பெரியவர்களின் கட்டிகளின் சிறிய வடிவம் அல்ல. அவற்றின் மரபணு மாற்றங்களே வேறு. குழந்தைகளுக்கு வரும் மூளைக் கட்டிகளில் ஒன்றான மெடுல்லோபிளாஸ்டோமா என்ற ஒரே பெயருக்குள் மூலக்கூறு அடிப்படையில் நான்கு பிரிவுகள் இருக்கின்றன. எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்துப் பிழைக்கும் வாய்ப்பும் மாறுகிறது. மூளைத்தண்டில் பரவும் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இன்றும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. இடத்தின் காரணமாக அறுத்து எடுக்கவும் முடியாது, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டிப் பல மருந்துகள் உள்ளே போவதும் இல்லை. நோயாளிகள் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்கள் தாமாக முதலீடு செய்யும் ஆர்வமும் குறைவு. என் தம்பி மகளுக்கு வந்தது இந்த வகைதான். சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால்கூட அவளைக் காப்பாற்ற இன்றைய மருத்துவத்திடம் வழி இல்லை. அறிகுறி அட்டை மட்டும் போதாது, ஆய்வும் வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது அதனால்தான்.

பணம் அனுப்பும் முன் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி, குழந்தைகளின் மூளைக் கட்டி ஆய்வுக்கென்று தொகையை ஒதுக்க முடியுமா, எந்த ஆய்வுக்கு, அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், செலவான பிறகு பயன்பாட்டுச் சான்றிதழ் தருவார்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். "ஆய்வுக்கு" என்று மட்டும் எழுதினால் பொது நிதியில் சேர்ந்துவிடும். சிறிய தொகை என்று தயங்காதீர்கள்; கட்டியின் மூலக்கூறுப் பரிசோதனைக் கட்டணம், ஆய்வுத் தரவுகளைப் பதிபவரின் சம்பளம், சிகிச்சை முடிந்த பிள்ளையைத் தொடர் பரிசோதனைக்கு வரவழைக்கும் பயணச் செலவு போன்றவை ஒரு மணிவிழாத் தொகைக்குள் அடங்கக்கூடியவை.

8. பணம் இல்லாமல் ஆய்வுக்கு உதவும் வழி

நோய் வந்த குடும்பங்களுக்கு இந்தப் பகுதி. அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்துவைத்த துண்டுகளும் (பாரஃபின் பிளாக்) அதிலிருந்து எடுத்த கண்ணாடித் தகடுகளும் (ஸ்லைடு) எங்கே இருக்கின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அறுவை ஒரு மருத்துவமனையிலும் கதிர்வீச்சு வேறொன்றிலும் நடந்தால் இவைதான் முதலில் தவறிப்போகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தின் பிலிம் மட்டும் போதாது, சி.டி. பிரதியும் வாங்குங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பு, திசு அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் தேதிவாரியாக அடுக்குங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் தொடர் பரிசோதனைக்குப் போய்வாருங்கள். பாதியில் நின்றுபோன குழந்தையின் விவரம் எந்த ஆய்விலும் முழுமையாகச் சேர்வதில்லை.

மருந்துப் பரிசோதனை எதிலாவது சேர்க்கலாமா என்று யோசித்தால், இந்திய மருந்துப் பரிசோதனைப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். அதில் பதிவாகாத சிகிச்சையை "ஆய்வு" என்று சொல்லி யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் விலகிவிடுங்கள். ஆய்வில் சேர்வதற்குக் கட்டணம் கேட்பதே முறையற்றது. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது என்பதும் தெரிந்திருக்கட்டும்: இந்திய மருத்துவ ஆய்வுக் குழுமத்தின் நெறிமுறைப்படி ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் வாய்மொழி இசைவும், பன்னிரண்டு வயதுக்கு மேல் எழுத்து வடிவ இசைவும் கேட்கப்பட வேண்டும். குழந்தை இறந்த பிறகு திசுவை ஆய்வுக்குக் கொடுக்க மனம் இருந்தால், பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இருக்கிறது. இதைப் பற்றிக் குடும்பத்திடம் பேச வேண்டியவர் சிகிச்சை தந்த மருத்துவர்தான். நீங்களாக எடுத்துப் பேசாதீர்கள். அவர்களே கேட்டால் மட்டும் வழி சொல்லுங்கள்.

குழந்தையின் படத்தை நோட்டீசிலோ பேனரிலோ போடுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் எழுத்தில் சம்மதித்தாலும் வேண்டாம் என்பதே என் முடிவு. குணமாகித் திரும்பும் பிள்ளை அதே தெருவில், அதே பள்ளியில் வளர வேண்டும். நோயின் முகமாக அது ஊருக்கு அறிமுகமாகக் கூடாது.

9. கணக்கை முடியுங்கள்

மார்ச் முடிந்ததும் யு.டி.ஆர். எண்கள் எழுதிய நோட்டை மருத்துவமனைக்கு அனுப்பி, வந்துசேர்ந்த தொகையோடு ஒத்துப்பார்க்கக் கேளுங்கள். ஜூன் மாதத்தில் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் வந்ததா என்று விசாரியுங்கள். வராதவர்களின் பான் எண்ணில் பிழை இருக்கும், திருத்தக் கோரிக்கையை மருத்துவமனையிடம் உடனே கொடுக்கச் சொல்லுங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் வந்ததும் அதன் நகலை விழா வீட்டாருக்கும், அட்டையின் அச்சுச் செலவை ஏற்ற கடைக்காரர்களுக்கும் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அதே நடையில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அட்டை இன்னும் சுவரில் இருக்கிறதா என்று பார்த்து, கிழிந்த இடங்களையும் பணியாளர் மாறிய இடங்களையும் பட்டியல் எடுத்தால், ஆடிக்குள் அடுத்த அச்சுக்கு எத்தனை அட்டை வேண்டும் என்பது தெரிந்துவிடும்.